அவன் என்றுதான் சொல்வேன்

அன்று காலை ஆறு மணிக்கு அலுவலகத்துக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். ‘காய்ச்சல். இன்று வர இயலாது.’ எனக்குக் காய்ச்சல் இல்லை. முந்தின இரவு எட்டு இருபதுக்கு எங்கள் நாய் பொட்டு இறந்திருந்தான். 13 ஆண்டுகள் எங்களோடு இருந்தவன்.

முதலில் உண்மையைத்தான் எழுத நினைத்தேன். ‘எங்கள் நாய் இறந்துவிட்டது’ என்று தட்டச்சு செய்தேன். படித்துப் பார்த்ததும் அழித்துவிட்டேன். அந்த வாக்கியத்தின் கடைசியில் இருந்த ‘து’ குத்தியது. மழை நின்றது, விளக்கு அணைந்தது, நாய் இறந்துவிட்டது. இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. ‘இறந்துவிட்டான்’ என்று மாற்றிப் பார்த்தேன். அதைப் படிக்கிற மேலாளரின் முகம் கண்முன் வந்தது. அதையும் அழித்தேன். கடைசியில் பொய்யை அனுப்பிவிட்டு, மூன்று நாள் அந்தக் காய்ச்சலுக்குள்ளேயே இருந்தேன்.

எட்டு மாதம் கழித்து இப்போதுதான் இதை எழுத முடிகிறது. இதே காய்ச்சலில் படுத்தவர்கள் வேறு பலரும் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

பொட்டு முழுக்கக் கறுப்பு. நெற்றியில் மட்டும் விரல் நுனி அளவுக்கு வெள்ளை. பெயருக்குக் காரணம் அதுதான். பெரிய சாகசம் எதுவும் செய்தவன் இல்லை. திருடனைப் பிடித்ததில்லை, யாரையும் தண்ணீரிலிருந்து காப்பாற்றியதில்லை. நான் மேசையில் வேலை பார்க்கும்போது என் இடது புறங்காலில் முகவாயை வைத்துக்கொண்டு தூங்குவான். அதுதான் அவன் செய்த வேலை. கால் மரத்துப்போனாலும் நான் நகர்த்த மாட்டேன். நகர்த்தினால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டு, மறுபடியும் வைத்துக்கொள்வான். அவன் போன பிறகு ஒரு நாள் குனிந்து பார்த்தபோது என் இடது கால் மேசைக்கு அடியில் நீண்டபடியே இருந்தது. வலது கால் மடங்கியிருந்தது. எத்தனை ஆண்டுகளாக அப்படி உட்கார்ந்தேனோ தெரியாது. காலுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

அவனுக்கு இதய நோய். சிறிய உருவமுள்ள நாய்களுக்கு வயதாகும்போது இது அடிக்கடி வருவதுதான். இதயத்தின் இடது பக்கத்தில் இருக்கும் மைட்ரல் வால்வு தடித்து, சரியாக மூடாமல் போய்விடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் இரத்தம் வந்த வழியே திரும்பிக் கசிகிறது. அதற்கு ஈடுகொடுக்க இதயம் பெரிதாகிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. மருத்துவர் மாத்திரைகள் கொடுத்தார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். அவன் நன்றாகத் தூங்கும்போது மூச்சை எண்ண வேண்டும். விலா ஒரு முறை ஏறி இறங்கினால் ஒன்று. நிமிடத்துக்கு 30க்குள் இருந்தால் கவலையில்லை. அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உடனே கூப்பிட வேண்டும்.

மகனுடைய பழைய பள்ளி நோட்டின் பின்பக்கங்களில் அந்தக் கணக்கை எழுதினேன். தேதி, நேரம், எண். 22. 24. 21. 26. முதல் பாதியில் அவனுடைய கூட்டல் கழித்தல், பின்பாதியில் பொட்டுவின் மூச்சு. 14 மாதங்கள் ஒவ்வோர் இரவும் விளக்கை அணைத்துவிட்டு, அவன் படுக்கைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். வேறொரு உயிரை இவ்வளவு கூர்ந்து, இவ்வளவு நாள் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்ததே இல்லை. என் மகன் குழந்தையாக இருந்தபோதுகூட இல்லை. நாயை இழந்தவர்களின் துக்கம் சில சமயம் பெற்றோரை இழந்த துக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறதே என்று ஆச்சரியப்படுபவர்கள் இந்த உட்கார்தலை யோசித்துப் பார்க்க வேண்டும். மருந்து, கழிப்பிடம், இரவு விழிப்பு, மூச்சு என்று ஒரு நாளின் ஒவ்வொரு மணி நேரத்திலும் கோத்திருந்த ஓர் உயிர் போகும்போது, அந்த மணி நேரங்கள் எல்லாம் ஒன்றாக அறுந்து விழுகின்றன.

கடைசி வாரத்தில் நோட்டில் 34, 38, 41. மாத்திரையின் அளவைக் கூட்டினோம். இரண்டு நாள் இறங்கியது, பிறகு மறுபடியும் ஏறியது. அவன் படுப்பதை நிறுத்திவிட்டான். முன்னங்கால்களை அகல ஊன்றி, கழுத்தை நீட்டி, உட்கார்ந்தபடியே தூங்கப் பார்ப்பான். தலை மெல்லச் சரியும், மூச்சு முட்டும், திடுக்கிட்டு நிமிர்வான். படுத்தால் மூச்சு விட முடியாத நாய்கள் அப்படித்தான் உட்காரும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

முடிவெடுக்க உதவும் என்று மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்தார். அலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 2004இல் வகுத்த அளவுகோல் அது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம் ஆகிய ஆறும், ஏழாவதாகக் கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் கூடுதலாக இருக்கின்றனவா என்ற கேள்வியும். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். மொத்தம் 35க்கு மேல் வந்தால் அந்த வாழ்க்கையைத் தொடரலாம் என்று கணக்கு. மூச்சுத் திணறலையும் வலிக்குக் கீழேதான் சேர்க்கிறார்கள்.

நானும் என் கணவரும் ஒரே மாலையில், தனித்தனி அறையில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டோம். என் கூட்டுத்தொகை 41. அவருடையது 29. பசிக்கு நான் 7 போட்டிருந்தேன், என் கையில் வைத்து ஊட்டினால் மூன்று வாய் சாப்பிட்டான் என்பதற்காக. அவர் 2 போட்டிருந்தார். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, நான் பொட்டுவுக்கு மதிப்பெண் போடவில்லை, எனக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று புரிந்தது. அவரிடம் ஒன்றும் சொல்லாமல் போய்ப் பொட்டுவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். எண்ணினேன். 46.

மறுநாள் சாயங்காலம் மருத்துவமனையில் ஒரு படிவத்தில் கையெழுத்து கேட்டார்கள். அதில் ‘கருணைக்கொலை’ என்று அச்சிட்டிருந்தது. அதுவரை நூறு முறை செய்தித்தாளில் படித்த சொல்தான். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கும்போதுதான், அந்தச் சொல்லில் ‘கருணை’ முன்னால் நின்றாலும் முடிவது ‘கொலை’யில்தான் என்பது தெரிகிறது. அதன் கீழே என் பெயரை எழுதினேன். அடுத்த பல வாரங்களுக்கு என்னைத் தூங்கவிடாமல் செய்ததில் அந்த ஒரு சொல்லுக்குப் பெரிய பங்கு உண்டு. யூதனேசியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘நல்ல சாவு’ என்றுதான் பொருள். நம்மிடமும் அந்தச் சொல் இருக்கிறது. படுக்கையில் கிடந்து அவதிப்படாமல், வீட்டு மனிதர்கள் சூழ இருக்கும்போது கண்மூடியவர்களைப் பற்றிப் பேசும்போது ‘நல்ல சாவு’ என்கிறோம். அந்தப் படிவத்தில் அதை எழுதியிருக்கலாம். கையெழுத்திடுகிறவர்களின் கை கொஞ்சம் குறைவாக நடுங்கியிருக்கும்.

அந்த அறையில் நடந்ததை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். முதலில் மயக்க ஊசி. சில நிமிடங்களில் அவன் உடம்பு தளர்ந்தது. பல நாள்களுக்குப் பிறகு முதல்முறையாக அவன் தலை முழுக்கச் சாய்ந்தது, என் முழங்கையின் மடிப்பில். பிறகு முன்னங்காலின் இரத்தநாளத்தில் பொருத்திய குழாய் வழியாக இரண்டாவது மருந்து. அதுவும் மயக்கமருந்துதான், ஆனால் மிக அதிக அளவில். நினைவு முதலில் போகிறது, அதன் பிறகே மூச்சும் இதயமும் நிற்கின்றன. வலி தெரியாது. கண்கள் மூடிக்கொள்ளாது, திறந்தே இருக்கும். எல்லாம் முடிந்த பிறகும் ஒரு முறை மூச்சு இழுப்பது போல உடம்பு அசையலாம். அது தசையின் செயல், அவன் திரும்பி வருவதல்ல. மருத்துவர் இவற்றையெல்லாம் முன்கூட்டியே, மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். ஸ்டெதஸ்கோப்பை நீண்ட நேரம் வைத்துக் கேட்டுவிட்டு, “இதயம் நின்றுவிட்டது” என்றார். நான் அவன் விலாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணும் பழக்கத்தில் காத்திருந்தேன்.

அதன் பிறகு வந்த நாள்களில் நான் அதிகம் கேட்ட சொல் ‘தானே’. நாய்தானே. வயதானதுதானே. தெரிந்ததுதானே. சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, ஆறுதலாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த ‘தானே’ ஒவ்வொரு முறையும் என் துக்கத்தை ஒரு கைப்பிடி குறைத்துக் கையில் கொடுத்தது. மீதியை நான் எங்கே வைப்பது? குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். சாலையோரம் காரை நிறுத்தி அழுதேன். “வாயில்லா ஜீவன், அதற்கு விடுதலை கிடைத்தது” என்றார் என் அம்மா, தொலைபேசியில். பொட்டுவுக்கு வாய் இருந்தது என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. தபால்காரருக்கு ஒரு குரைப்பு, பசிக்கு ஒரு முனகல், நான் வெளியூர் போய்த் திரும்பினால் ஊளையும் கேவலுமாக ஒன்று, அதை வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டான். சொல்லவில்லை. “ஆமாம் அம்மா” என்றேன்.

1989இல் கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் இப்படிப்பட்ட துக்கத்துக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் ‘உரிமை மறுக்கப்பட்ட துக்கம்’ என்று சொல்லலாம். வெளிப்படையாக ஒப்புக்கொள்ள முடியாத, நாலு பேர் அறியத் துக்கம் காக்க முடியாத, சுற்றியிருப்பவர்கள் தோள் கொடுக்காத இழப்புகளை அவர் அதில் சேர்த்தார். வளர்ப்பு உயிரின் சாவு அதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம். இதைப் படித்த இரவு, எனக்குக் காய்ச்சல் என்று ஏன் பொய் சொன்னேன் என்பது விளங்கியது. மேலாளர் ‘நாய்தானே’ என்று சொல்லவே இல்லை. சொல்லிவிடுவார் என்று நானே முந்திக்கொண்டு என் உரிமையை மறுத்துக்கொண்டேன்.

நகங்களின் சத்தம் வேறு கேட்டுக்கொண்டே இருந்தது. தரையில் அவன் நடந்தால் டிக், டிக் என்று கேட்கும், கூடத்திலிருந்து சமையலறைக்கு. போன பிறகும் விடியற்காலையில் தெளிவாகக் கேட்டது. எனக்கு மனம் பேதலித்துவிட்டதோ என்று பயந்தேன். வேல்ஸ் நாட்டில் டெவி ரீஸ் என்ற மருத்துவர், வாழ்க்கைத் துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்தவர்கள், குரலைக் கேட்டவர்கள், உருவத்தைப் பார்த்தவர்கள் என்று கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஏதோ ஒன்று நேர்ந்திருந்தது. பலர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அது கணவனை, மனைவியை இழந்தவர்களைப் பற்றிய ஆய்வு, நாயைப் பற்றியதல்ல. இருந்தாலும் எனக்குப் பயம் விட்டது. 13 ஆண்டுகள் அந்தச் சத்தத்தோடு விழித்த காது, அது இல்லாமல் விழிக்கப் பழகவில்லை. அதன் பிறகு சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்காமல் படுத்தபடியே கேட்டேன். நாளாக ஆக, கேட்காதா என்று காத்திருந்தேன்.

சோகத்தைவிட என்னை அதிகம் வதைத்தது குற்ற உணர்வு. அவசரப்பட்டுவிட்டேன், இன்னும் ஒரு வாரம் இருந்திருப்பான் என்று இரவு பத்து மணிக்குத் தோன்றும். சுயநலத்தால் நான்கு நாள் தள்ளிப்போட்டு அவனை வதைத்தேன் என்று விடியற்காலை மூன்று மணிக்குத் தோன்றும். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க வழியில்லை. ஆனால் ஒரே இரவில் இரண்டுக்காகவும் என்னால் அழ முடிந்தது. மூன்று வாரம் கழித்து, தாங்க முடியாமல், மருத்துவரைக் கூப்பிட்டேன். “நான் அவசரப்பட்டுவிட்டேனா?” என்று கேட்டேன். அவர் பதிவேட்டை எடுத்துப் படித்தார். வந்தபோது மூச்சு நிமிடத்துக்கு 58. ஈறுகள் நீலம் பாய்ந்திருந்தன. “உள்ளே வந்ததுமே ஆக்சிஜன் வைத்தோமே, நினைவிருக்கிறதா?” என்று கேட்டார்.

எனக்கு நினைவில்லை. அந்த முகமூடியைப் பிடித்துக்கொண்டிருந்ததே நான்தான் என்று என் கணவர் பிறகு சொன்னார். அதை என் மனம் எங்கேயோ தூக்கி எறிந்திருந்தது. மூன்று வாரமாக நான் நினைத்து நினைத்து அழுத அந்த அறையில், மேசைமேல் படுத்திருந்தவன் ஐந்து வயது பொட்டு, பந்தைத் துரத்துகிற பொட்டு. நல்ல உடம்போடு இருந்தவனைக் கொன்றுவிட்டதாக நான் என்னையே விசாரித்துக்கொண்டிருந்தேன். இந்தக் குற்ற உணர்வில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: மருத்துவரிடம் கேளுங்கள். கடைசி நாளின் எண்களைப் படிக்கச் சொல்லுங்கள். கேட்டால் தொந்தரவு செய்கிறோமோ என்று கூச்சப்பட வேண்டாம். அவர் எனக்குச் செலவிட்டது நாலு நிமிடம். அன்று இரவு நான் ஏழு மணி நேரம் தூங்கினேன்.

மகன் விஷயத்தில் நான் தவறு செய்தேன். அவனுக்கு ஏழு வயது. “பொட்டுவைத் தூங்க வைத்துவிட்டார்கள்” என்று சொன்னேன். மென்மையாகச் சொல்வதாக நினைப்பு. இரண்டு நாள் கழித்து இரவில் அவன் அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பிக்கொண்டிருந்தான். தூங்கினால் திரும்ப எழுந்திருப்பது நிச்சயமில்லை என்று அவனுக்கு நான்தான் கற்றுக்கொடுத்திருந்தேன். விளக்கைப் போட்டு உட்காரவைத்துச் சொன்னேன். பொட்டு இறந்துவிட்டான். அவன் இதயம் நின்றுவிட்டது, உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது. திரும்பி வர மாட்டான். தூக்கம் வேறு, சாவு வேறு. அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இப்போது அவனுக்கு மூச்சு முட்டாதா?” என்று கேட்டான். முட்டாது என்றேன். “சரி” என்று படுத்துக்கொண்டான். ‘இறந்துவிட்டான்’ என்ற சொல்லை நான் முதன்முதலில் உரக்கச் சொன்னது அவனிடம்தான். குழந்தைக்கு அந்த விகுதியில் ஒரு சந்தேகமும் வரவில்லை.

துக்கம் ஐந்து படிகளில் இறங்கிப் போகும் என்று யாரோ எனக்கு அனுப்பிவைத்தார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் எழுதிய அந்த ஐந்து நிலைகள், தங்கள் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி அவர் கண்டவை. அவற்றை அளவுகோலாக வைத்து, ‘இன்னும் கோபத்திலேயே இருக்கிறேனே, ஏற்பு எப்போது வரும்’ என்று நான் காத்திருந்தது வீண். எனக்குப் பொருந்தியது மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் சொன்னது. துக்கத்தில் இருப்பவர் இரண்டு பக்கமும் ஊசலாடுகிறார். ஒரு நேரம் இழப்பைப் பார்த்து நிற்கிறார், ஒரு நேரம் அதற்கு முதுகைக் காட்டிவிட்டு அன்றாட வேலையைப் பார்க்கிறார். இரண்டும் தேவை என்கிறார்கள். இரண்டாவது வாரத்தில் தோழி ஒருத்தியோடு பேசும்போது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரிப்பு பாதியில் நின்றது, துரோகம் செய்தாற்போல. ஊசல் மறுபக்கம் போனது, அவ்வளவுதான் என்று இப்போது தெரிகிறது. அன்று மாலையே திரும்பி வந்தது, சந்தேகமே வேண்டாம். கதவுக்குப் பின்னால் தொங்கிய கழுத்துவார் கண்ணில் பட்டதும்.

பொருள்களைப் பற்றி ஒரு வார்த்தை. நான்காம் நாள், எனக்கு உதவியாக இருக்கும் என்று நினைத்து, என் கணவர் அவனுடைய படுக்கை விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார். வெயிலில் அது ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் நான் கத்திய கத்தலை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. வாசனை போய்விட்டது. அதை மட்டும் திரும்ப வாங்க முடியாது. அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், தன் பழைய ஸ்வெட்டரை எடுத்துவந்து கையில் கொடுத்தார். அதன்மேல் பொட்டு படுப்பான், துவைக்கவில்லை. அப்போதுதான் அவரும் அழுது நான் பார்த்தேன். 29 மதிப்பெண் போட்டவருக்கு வலி குறைவு என்று நான் எப்படி நினைத்தேன்? எந்தப் பொருளை எப்போது எடுப்பது என்பதற்கு விதி கிடையாது. ஆனால் வீட்டில் இருக்கும் எல்லோரிடமும் கேட்காமல் எதையும் துவைக்க வேண்டாம்.

தூக்கம் வராத ஓர் இரவில், ஜெர்மனியில் பான் நகருக்குப் பக்கத்தில் ஓபர்காசெல் என்ற இடத்தில் 1914இல் கண்டெடுத்த ஒரு புதைகுழியைப் பற்றிப் படித்தேன். சுமார் 14,000 ஆண்டுகள் பழையது. ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய். சாகும்போது அதற்கு ஏழு மாதம்தான் இருக்கும். அதன் பற்களை ஆராய்ந்தவர்கள், குட்டியாக இருந்தபோது டிஸ்டெம்பர் என்ற கொடிய நோய் அதைப் பல வாரங்கள் தாக்கியிருந்ததற்கான தடயங்களைக் கண்டு 2018இல் எழுதினார்கள். அந்த நோயில் விழுந்த குட்டி தானாகப் பிழைத்திருக்க முடியாது. யாரோ தண்ணீர் புகட்டியிருக்க வேண்டும், சூடு கொடுத்திருக்க வேண்டும், அசுத்தத்தைத் துடைத்திருக்க வேண்டும். வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத ஒரு குட்டி அது. படித்து முடித்ததும் எழுந்து போய் நோட்டை எடுத்தேன். 22, 24, 21, 26. நோட்டே இல்லாத காலத்தில், இருட்டில், ஒருவர் அந்தக் குட்டியின் விலாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரிடம் போய் ‘நாய்தானே’ என்று யாரும் சொல்லியிருப்பார்களா? அந்த நினைப்பு என்னை எவ்வளவு தேற்றியது என்று சொல்ல முடியவில்லை. 14,000 ஆண்டு தொலைவிலிருந்து ஒருவர் வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனது போலிருந்தது.

மூன்றாவது வாரத்தில் உறவினர் ஒருவர், கேட்காமலேயே, கூடையில் ஒரு குட்டியோடு வாசலில் வந்து நின்றார். அன்பில் செய்ததுதான். அந்தக் குட்டியைத் தொடாமல் திருப்பி அனுப்பினேன். தொட்டிருந்தால் வைத்துக்கொண்டிருப்பேன். பிறகு அது பொட்டு போல இல்லையே என்று ஒவ்வொரு நாளும் அதன்மேல் குறை கண்டிருப்பேன். சிலருக்கு மறுநாளே இன்னோர் உயிர் தேவைப்படுகிறது, அதில் தவறில்லை. முடிவு அவர்களுடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் இன்னும் எவரும் வரவில்லை.

நாங்கள் வழக்கமாக நடக்கும் பாதையில் இரண்டு மாதம் நான் கால் வைக்கவில்லை. ஒரு நாள் அதிகாலையில் போனேன். கை எதையும் பிடிக்காமல் நடப்பது விசித்திரமாக இருந்தது, இடது கை தானாகக் கொஞ்சம் விலகியே இருந்தது. மூன்றாவது விளக்குக் கம்பத்தில், அவன் நிற்கும் இடத்தில், நானும் நின்றேன். எதிரே ஒரு பெரியவர் வந்தார். பல ஆண்டுகளாகத் தினமும் எதிர்ப்படுபவர். தலையை மட்டும் அசைத்துக்கொள்வோம், ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. கடந்து போனவர் திரும்பி வந்தார்.

“அவன் எங்கே?” என்று கேட்டார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் என் கையைப் பார்த்தார். “எப்போது?” என்றார். சொன்னேன். “எனக்கு அவன் ஒரு நாளும் குரைத்ததில்லை” என்றார். பிறகு அந்த விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்றோம். இரண்டு மாதத்தில் முதல்முறையாக, தெருவில், வெளிச்சத்தில், ஒருவர் பார்க்க அழுதேன்.

வீடு திரும்பும் வழியில் பள்ளிக்கூடத்து இலக்கண வகுப்பு நினைவுக்கு வந்தது. வழுவமைதி என்று ஒரு பாடம். இலக்கணப்படி பிழைதான், ஆனாலும் ஒரு காரணம் பற்றி அதைச் சரியென்று ஏற்றுக்கொள்வது. திணை வழுவமைதிக்கு ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட்ட உதாரணம்: ஒருவர் தன் பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்கிறார். பசு அஃறிணை, ‘வந்தது’ என்றிருக்க வேண்டும். உவப்பினால், அதாவது அன்பின் மகிழ்ச்சியினால், உயர்திணையாகச் சொன்னார். ஆகவே குற்றமில்லை. மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்துபோன பாடம். ஒரு மாட்டை ‘வந்தாள்’ என்று சொன்ன யாரோ ஒருவருக்காக, இலக்கணம் வகுத்தவர்கள் உட்கார்ந்து யோசித்து ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்த வாசல் பல நூற்றாண்டுகளாகத் திறந்தே இருக்கிறது. நான்தான் ஒரு குறுஞ்செய்தியை அழித்து அழித்து எழுதிக்கொண்டு வெளியே நின்றிருக்கிறேன்.

இப்போது எப்படி இருக்கிறேன் என்று கேட்டால், நோட்டு மேசை இழுப்பறையில் இருக்கிறது. வாரம் ஒரு முறை எடுத்துப் பார்த்தது மாதம் ஒரு முறையாகியிருக்கிறது. கழுத்துவார் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது, அது அங்கேயே இருக்கட்டும் என்று மூன்று பேரும் பேசி முடிவெடுத்தோம். தூக்கமோ சாப்பாடோ மாதக்கணக்கில் திரும்பாமல் போயிருந்தால் நான் மனநல ஆலோசகரிடம் போயிருப்பேன். நாய்க்காக வந்தேன் என்று சொல்லியே போயிருப்பேன். இடது கால் இன்னும் நீண்டுதான் இருக்கிறது. மடக்க முயற்சி செய்யவில்லை.

போன மாதம் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் இளைஞர் ஒருவரிடமிருந்து காலையில் குறுஞ்செய்தி வந்தது. ‘காய்ச்சல். இன்று வர இயலாது.’ அவர் வீட்டில் ஒரு வயதான பூனை இருப்பது எனக்குத் தெரியும். சிறுநீரகக் கோளாறு என்று ஒருமுறை, பேச்சோடு பேச்சாக, சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றியிருந்தார். செய்தியை இரண்டு முறை படித்தேன். பிறகு கூப்பிட்டேன்.

“பூனை எப்படி இருக்கிறாள்?” என்று கேட்டேன்.

மறுமுனையில் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன், அறுபடவில்லை. மூச்சு கேட்டது.

“அவள் பெயர் எனக்குத் தெரியாது, சொல்லுங்கள்” என்றேன்.

சொன்னார். பிறகு முக்கால் மணி நேரம் அவர்தான் பேசினார்.